கிழிசல் தெரியாத சட்டை

இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சட்டையின் கதை சொல்கிறேன். அங்கங்கே கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்க வைத்தே வீட்டுக்கு அனுப்புவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். இல்லாத முடிவை ஒட்டவைத்தால் அது எனக்கே ஒட்டாது.

ஒரு கடைத்தெரு. அதில் இஸ்திரிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு ஒரு கடை. கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவர் தட்டும். அங்கே முப்பது வருஷமாக ஒரு அம்மா கிழிந்த துணிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒட்டுப் போட்டுத் தைக்கிற வேலை இல்லை அது. அதே துணியின் மடிப்புக்குள்ளிருந்து நூலை உருவி, முடி போன்ற ஊசியில் கோத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இழை இழையாக ஓட்டி, கிழிந்த இடத்தில் புதிதாகத் துணியையே நெய்துவிடுவாள். டார்னிங் என்பார்கள். அதனால் அவளுக்கும் டார்னிங்கம்மா என்றே பெயர் நின்றுவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வாள்.

அவளிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. துணி எப்படிக் கிழிந்தது என்று யாரிடமும் கேட்க மாட்டாள். "கிழிஞ்சதுக்குப் பின்னாடி ஒரு வீடே இருக்கும், அதுக்குள்ள நான் எதுக்கு எட்டிப் பார்க்கணும்" என்பாள். இன்னொன்று, வேலை முடிந்த துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது மேசை மேல் விரித்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "எங்க கிழிஞ்சிருந்ததுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம். கண்டுபிடிச்சா கூலி வேண்டாம்" என்பாள். வந்தவர்கள் துணியை விளக்கில் பிடிப்பார்கள், கண்ணருகே கொண்டுபோவார்கள், நகத்தால் சுரண்டக்கூடப் பார்ப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

வீட்டில் அவள், மகன், மருமகள். மூன்றே பேர். மகன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிறவன். கம்பெனி கொடுத்த நீலச் சட்டைதான் வாரம் பூராவும். அதே துணியில், அதே சாயத்தில், அந்தக் கம்பெனியில் நாற்பது பேருக்குச் சட்டை. வேலையை விட்டுப் போனவர்களும் சட்டையைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மகன் வேலைக்குப் போகிற வழியில் நின்று, குனிந்து, தோள் கொடுத்துத் தூக்கினான். ஷட்டர் எழும்பியது. அதன் அடியில் வளைந்திருந்த கொக்கி அவன் சட்டையின் இடது பக்கம், இடுப்புக்கு மேலே, மாட்டி இழுத்துவிட்டது. டர்ரென்று ஒரு சத்தம்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? புதுச் சட்டைடா!"

"நீ திட்டறதைப் பார்த்தா சட்டையைத்தான் பெத்தே, என்னைக் கடையில வாங்கின மாதிரி இருக்கு."

"கடையில வாங்கியிருந்தா மாத்திக் கேட்டிருப்பேன். கழட்டு, கழட்டு."

'ட' எழுத்து மாதிரி கிழிந்திருந்தது. நெடுக்காக இரண்டு விரல் அகலம், குறுக்காக இரண்டு விரல் அகலம், நடுவில் துணி ஒரு மூலையில் தொங்கியது. தொங்கிய துணியில் ஷட்டர் கிரீஸ் கருப்பாக ஒட்டியிருந்தது. மகன் பையிலிருந்த இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அவள் பதினோரு உருப்படிகளுக்கு நடுவில் அதையும் எடுத்து, மறுநாள் மதியத்துக்குள் முடித்து, மடித்து, அலமாரியில் வைத்தாள்.

புதன்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பிய ஒரு குடும்பத்தின் வீட்டில் பின்பக்க ஜன்னல் கம்பியைக் கழற்றி யாரோ உள்ளே புகுந்து, நகைகளையும் ஒரு லேப்டாப்பையும் கொண்டுபோயிருந்தார்கள். அந்த வீட்டுக்குச் சமீபத்தில் வேலைக்கு வந்துபோனவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபில்டர் பார்க்க இரண்டு வாரம் முன்னால் மகன் அங்கே போயிருந்தான். கம்பெனி ஆட்கள் எல்லாருடைய சட்டைகளையும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. சட்டை கடையில் இருக்கிறது என்று மகனே சொல்லி அனுப்பியிருந்தான்.

பெரிய போலீஸ்காரர் சட்டையை விரித்தார். கழுத்து, கை, முதுகு, பக்கவாட்டு எல்லாம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்று மேசை மேல் போட்டுவிட்டுத் திரும்பினார்.

செல்லங்களே, அவள் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் மேசை மேல் ஒரு துணி விரிந்து கிடக்கிறது, ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார். முப்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகக் கட்டிக்கொண்டது.

"சார், இதுல ஒரு கிழிசல் இருந்துச்சு. எங்கன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

பெரிய போலீஸ்காரர் மெதுவாகத் திரும்பினார். சின்னவர் நோட்டை எடுத்தார். ஜன்னல் கம்பியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீலத் துணித்துண்டு மாட்டியிருந்த விஷயம் அவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

வழக்கு நடந்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது: அதே துணி, அதே சாயம். நாற்பது பேரின் சட்டைகளுக்கும் அது பொருந்தும், ஆனால் தைத்து மறைத்த சட்டை ஒன்றுதான் என்றார் அரசு வக்கீல். அந்த இரண்டு நாளும் வீட்டில்தான் இருந்தான் என்று அம்மாவும் மனைவியும் சொன்னார்கள். வேறு யார் சொல்ல இருக்கிறார்கள்? ஷட்டரில்தான் சட்டை கிழிந்தது என்று டார்னிங்கம்மா கூண்டில் ஏறிச் சொன்னாள். 'ட' மாதிரி, துணி தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு நூல் குறையவில்லை என்றாள். அவளுக்காகப் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரும் சாட்சி சொல்ல வந்தார்.

"நீங்க சட்டை கிழிஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை சார். சத்தம் கேட்டேன்."

"துணி கிழியற சத்தமா?"

"இல்ல சார், அக்கா திட்டற சத்தம்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்போடு அந்தச் சாட்சியும் கரைந்துபோனது. வீடு புகுந்ததற்கு ஐந்து வருஷம், திருட்டுக்கு மூன்று வருஷம், இரண்டையும் ஒரே சமயத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பு. மகன் கூண்டிலிருந்து அம்மாவைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பீலுக்கு இலவச சட்ட உதவியிலிருந்து ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள். இளம்பெண். எப்போதும் இருமிக்கொண்டே இருப்பாள். கறுப்பு அங்கியின் கைப்பக்கம் கிழிந்திருந்ததை முதல் நாளே டார்னிங்கம்மா பார்த்துவிட்டாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா" என்றாள் வக்கீல். "குத்தமே செய்யலைன்னு அப்பீல் பண்ணலாம். இல்லைன்னா, செஞ்சது தப்புதான், தண்டனையை மட்டும் குறைங்கன்னு கேட்கலாம். முதல் தடவை, சின்ன வயசு, ஒரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாச்சு. குறைக்க வாய்ப்பிருக்கு. ஆனா அதுக்கு மன்னிப்புக் கேட்கணும், நகையைத் திருப்பிக் கொடுக்கணும்."

"அவன் என்ன சொல்றான்?"

"'எடுக்காததை எங்கேர்ந்து திருப்பிக் கொடுக்கறது'ன்னு கேட்கறாரு."

டார்னிங்கம்மாவின் கை வக்கீலின் அங்கியை வாங்கி மடியில் விரித்து, மடிப்பிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"வக்கீலம்மா, தையலைப் பிரிச்சா தெரிஞ்சிடும்ல?"

"எந்தத் தையல்?"

"சட்டையில நான் போட்ட இழையை எடுத்துட்டா உள்ள பழைய கிழிசல் அப்படியே இருக்கும். 'ட' மாதிரி. தொங்கின துணி ஒட்டிக்கிட்டே இருக்கும். ஜன்னல்ல கிடைச்ச துண்டு எம்புள்ள சட்டையோடதுன்னா அங்க ஓட்டை இல்ல இருக்கணும்? கிழிசல் வேற, ஓட்டை வேற."

வக்கீலுக்கு இருமல் நின்றுவிட்டது. "இதை ஏம்மா கீழ்க்கோர்ட்டுல யாருமே கேட்கலை?"

"எங்க கேட்டாங்க? ஆளுக்கு ஒரு தடவை சட்டையைத் தூக்கிப் பார்த்து, 'அடேயப்பா, எப்படித் தைச்சிருக்கா'ன்னாங்க. அவ்வளவுதான்."

வக்கீல் மனுப் போட்டாள். சீல் வைத்த சட்டையைத் திறந்து, தையலைப் பிரித்து, உள்ளே இருப்பது கிழிசலா ஓட்டையா என்று ஒரு நிபுணர் பார்க்க வேண்டும் என்று. நாலு மாதம் இழுத்தது. அரசு வக்கீல் எதிர்த்தார். கடைசியில் மேல்கோர்ட் சம்மதித்தது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு டார்னிங்கம்மா சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அவள், நடுவில் கரகரவென்று ஒரு தொலைபேசி.

"பிரிச்சுப் பார்க்கப் போறாங்கடா. இன்னும் பன்னெண்டு நாள்."

"நிஜமாவா?" அவன் கண்ணாடிக்கு அருகில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? அன்னிக்கு அந்தப் போலீஸ்காரர்கிட்ட ஏம்மா வாயைத் திறந்தே?"

ஒன்றரை வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பெருமைக்குடா" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. வெறும் பெருமைக்கு."

"சரி விடு. அந்தப் பெருமையே இப்ப வெளிய கொண்டுவரட்டும்."

அவன் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பை முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மருமகள் அன்றைக்கு அவனுடைய மற்றச் சட்டைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் நல்ல நாட்கள். பதினோராவது நாள் ஒரு கோட்டு வந்தது. சைக்கிள் செயினில் மாட்டியதாம், கேட்காமலே சொன்னார் கொண்டுவந்தவர். ஓரத்தில் கிழிந்து, துணி தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய துணி முழுக்கக் கிரீஸ்.

டார்னிங்கம்மா கோட்டை மடியில் போட்டாள். கண்ணாடியை மாட்டினாள். வலது கை கத்தரிக்கோலை எடுத்தது. கிரீஸ் பட்ட துணியில் இழை ஓட்டினால் கறை ஊறிப் புது நெசவிலும் ஏறிவிடும். அதனால் அதை வைத்துக்கொள்வதே இல்லை. கறை பட்ட பகுதியை நாலு பக்கமும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை இழையால் நிரப்புவதுதான் அவள் வேலை செய்யும் விதம். கத்தரிக்கோல் நாலு தரம் பேசியது. கறுத்த துண்டு அவள் மடியில் விழுந்தது.

அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்கு ஒரு ஞாபகம் உண்டு, மனசுக்கு ஒரு ஞாபகம் உண்டு. மனசு கிழிசலைப் பார்த்தது, ஷட்டரைப் பார்த்தது, மகனைத் திட்டியது, அதையெல்லாம் வைத்துக்கொண்டது. கை தன் வேலையை முடித்தது, மறந்தது. முப்பது வருஷமாக நாளைக்கு ஏழெட்டுத் தடவை செய்வதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? நீங்கள் இன்று காலையில் எந்தக் காலை முதலில் செருப்பில் விட்டீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

நீலச் சட்டை, தொங்கிய துணி, அதில் கருப்பாகக் கிரீஸ். வெட்டியிருக்கிறாள். வெட்டாமல் இருந்திருக்கவே முடியாது. தையலைப் பிரித்தால் அங்கே 'ட' இருக்காது. சதுரமாக ஓட்டை இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு.

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வெட்டி விழும் துண்டுகளை அவள் வீணாக்குவதில்லை. எல்லாம் தலையணைக்குள் போகும். வீட்டில் ஆறு தலையணை.

"என்ன அத்தை, இந்த நேரத்துல? கடை?"

"தலையணையெல்லாம் எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வான்னு சொல்றேன்ல!"

ஆறையும் பிரித்துக் கூடத்தில் கொட்டினார்கள். விஷயம் புரிந்ததும் மருமகளும் குனிந்து தேட ஆரம்பித்தாள். ஊரில் உள்ளவர்களின் கோட்டு, கால்சட்டை, சால்வை, பள்ளிக்கூடச் சட்டை, கல்யாணப் புடவை எல்லாம் விரல்நுனி அளவுத் துண்டுகளாக முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. நீலம் நிறைய இருந்தது. ஒவ்வொரு நீலத்தையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கடல் நீலம், மை நீலம், வெளுத்த நீலம். அந்த நீலம் இல்லை.

மதியம் தாண்டி வெயில் கூடத்துக்குள் வந்தபோது மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைமுடி எல்லாம் நூல் பிசிறு.

"அத்தை, கிரீஸ் பட்டதைத் தலையணையில போடுவீங்களா?"

டார்னிங்கம்மாவின் கை நின்றது. போட மாட்டாள். கறை உறைக்கு ஏறும், தலைக்கு ஏறும். கறைத் துண்டை அன்றன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவாள். அதுவும் அவள் வழக்கம்தான். தேட ஆரம்பிக்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. தேடாமல் இருக்க முடியவில்லை.

மாலையில் வக்கீல் அலுவலகத்துக்குப் போனார்கள். அது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, தரையெல்லாம் கட்டுக்கட்டாகக் கோப்பு. டார்னிங்கம்மா நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். வக்கீல் பேனாவை மூடி வைத்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..."

"தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்! எனக்கே இன்னிக்குத்தானே தெரியும்."

"நான் நம்பறேம்மா. ஆனா நான் நம்பி என்ன பண்றது?" இருமல் வந்தது. அடங்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பரிசோதனை. இப்போ வேண்டாம்னா பயந்துட்டாங்கன்னு சொல்வாங்க. நடந்தா ஓட்டை இருக்கும். முன்கூட்டியே நீங்க வெட்டினதைச் சொன்னா, ஓட்டைக்குத் தகுந்த மாதிரி கதை கட்டறாங்கன்னு சொல்வாங்க."

"அப்ப எதைச் சொன்னாலும்..."

"எதைச் சொன்னாலும்."

மேலே படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கிப் போனார்கள்.

"நடந்ததையே எழுதுங்க" என்றாள் டார்னிங்கம்மா. "வெட்டினேன்னே எழுதுங்க. பொய்யும் கைகொடுக்காது, உண்மையும் கைகொடுக்காதுன்னா, நான் உண்மைகூடவே நின்னுட்டுப் போறேன்."

மறுநாள் அவளை உள்ளே விட்டார்கள், ஆனால் தொடக்கூடாது என்றார்கள். வெள்ளை மேசை. பளிச்சென்ற விளக்கு. கையுறை போட்ட நிபுணர், மெல்லிய மனிதர், சீலை உடைத்துச் சட்டையை எடுத்தார். இடது பக்கம், இடுப்புக்கு மேலே. பூதக்கண்ணாடியை வைத்துப் பத்து நிமிஷம் தேடினார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்து, பிறகு இவளைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்:

"எங்கம்மா இருக்கு?"

செல்லங்களே, முப்பது வருஷம் அவள் காதில் தேனாக விழுந்த கேள்வி அது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே காட்டினாள். "கீழேர்ந்து ரெண்டாவது பட்டனுக்கு நேரா, நாலு விரல் தள்ளி."

அவர் ஊசிமுனையால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். நல்ல கைதான், துணியை வருத்தாத கை. இழைகள் வெள்ளை மேசையில் நீல முடிபோல் விழுந்தன. கடைசி இழை வந்ததும் அடியிலிருந்து மேசையின் வெள்ளை தெரிந்தது. நாலு ஓரமும் நேராக, சுத்தமாக. ஜன்னல் கம்பியில் கிடைத்த துண்டை ஒரு சின்னத் தட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அளவெடுத்தார்கள். துண்டு கொஞ்சம் சிறியது. ஓட்டை கொஞ்சம் பெரியது.

அப்பீல் விசாரணைக்கு வந்தபோது வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அந்தக் கைப்பக்கம் கிழிந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னலில் கிடைத்த துண்டின் ஓரம் பிய்ந்திருக்கிறது, சட்டையின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது, ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை, பொருந்தாததை எப்படிச் சாட்சியாக வைப்பது என்று கேட்டாள். இருமாமல், நிறுத்தாமல், நன்றாகவே பேசினாள்.

அரசு வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதிதான் எழுந்தார். "பிய்ந்த ஓரம் இருந்தால் பொருந்திவிடும் என்பதால்தானே வெட்டியிருக்கிறார்கள்? கத்தரிக்கோல் யாருடையது?"

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பை வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தாய் கீழ்க்கோர்ட்டில் ஒரு நூலும் குறையவில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார். தானே வெட்டியதாகச் சோதனைக்கு முந்தின நாள்தான் சொல்கிறார். பிள்ளைப் பாசத்தில் ஓட்டைக்கு ஏற்றபடி சொல்லை மாற்றிக்கொண்டு வருகிறார் என்பது தெளிவு. குற்றம் நிரூபணம். தண்டனையையாவது குறைக்க வேண்டும் என்று வக்கீல் கேட்டிருந்ததற்கும் ஒரு வரி இருந்தது: திருடிய பொருளை இன்றுவரை ஒப்படைக்கவில்லை, வருத்தத்தின் சாயலும் இல்லை. குறைக்கக் காரணம் இல்லை. அப்பீல் தள்ளுபடி.

வெளியே நடையில் மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் இன்னும் மேலே போகலாம் என்று ஏதோ சொன்னாள். சொல்லும்போதே குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. இஸ்திரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "அக்கா, ஒரு டீ குடிக்கறீங்களா?" என்றார். டார்னிங்கம்மா தலையை ஆட்டினாள். ஆனால் டீ வந்தபோது வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சிறை. கண்ணாடி, தொலைபேசி. அவனுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அவன் போட்டிருந்த சிறைச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. அவள் கண் போய் அங்கேயே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள்:

"அது எப்படிடா கிழிஞ்சது?"

அவன் தோளைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எங்கயோ மாட்டிக்கிச்சும்மா."

"எங்க மாட்டிச்சு? எந்தப் பக்கமா இழுத்துச்சு? துணி ஏதாவது விழுந்துச்சா?"

"அம்மா..."

"சொல்லுடா. எனக்குத் தெரியணும்."

"கதவுத் தாழ்ப்பாள்ல. ஒண்ணும் விழலை. சும்மா பிளந்துக்கிச்சு."

அவள் கண்ணாடி மேல் விரலை வைத்து, அந்தக் கிழிசலை இந்தப் பக்கத்திலிருந்தே மேலிருந்து கீழாக ஒரு தரம் தடவினாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. நேரம் முடிந்தது என்று காவலர் வந்து அவன் முதுகைத் தொட்டார். அவன் எழுந்தான். இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது.

வழக்கு முடிந்ததால் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கழுத்தில் ஒரு எண் கட்டியபடி. அவள் அதைக் கடையில், தான் உட்காரும் இடத்துக்கு எதிரே ஆணியில் மாட்டினாள். ஓட்டையை அடைக்கவில்லை. அது வழியாகப் பின்னால் சுவரின் காரை தெரிந்தது.

அதற்குப் பிறகு யாராவது கிழிந்த துணி கொண்டுவந்தால் டார்னிங்கம்மா ஊசியைத் தொடுவதில்லை. முதலில் பழுப்புத் தாள் ஒன்றை மேசையில் போடுவாள். துணியை அதன் மேல் விரித்து, கிழிசலின் ஓரத்திலேயே பென்சிலை ஓட்டி அதன் உருவத்தை வரைவாள். துணி எங்கே தொங்குகிறது, கறை எங்கே இருக்கிறது, எப்படிக் கிழிந்தது, என்றைக்கு, எல்லாம் கேட்டு எழுதுவாள். வந்தவரிடம் கையெழுத்து வாங்குவாள். வெட்டினால் வெட்டிய துண்டையும் அதிலேயே ஊசியால் குத்தி வைப்பாள். சிலருக்கு எரிச்சல் வரும். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

"என்னக்கா, கிழிசலுக்கெல்லாம் ஜாதகம் எழுதறீங்களா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர் ஒருநாள், அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று.

"யாராவது கேட்டா காட்டறதுக்கு."

"யாருக்கா கேட்கப்போறாங்க?"

அவள் தாளை மடித்து அலமாரியில் வைத்தாள். வேலை முடிந்த துணியை விரித்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொள்வதும் நின்றுபோனது. இப்போதெல்லாம் அவளே விரலை வைத்துக் காட்டிவிடுவாள்: "இங்கதான் கிழிஞ்சிருந்தது. பார்த்துக்குங்க." பார்ப்பவர்களுக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது.

தாள்கள் அலமாரி தாண்டித் தரைக்கு வந்துவிட்டன. நேர்க்கிழிசல், கோணல் கிழிசல், நாய் கடித்தது, ஆணி இழுத்தது, 'ட' மாதிரி எத்தனையோ. எல்லாம் யார் யாருடைய சட்டையோ. தேவைப்பட்ட அந்த ஒரு தாள் மட்டும் அந்தக் கட்டுக்குள் இல்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் பென்சிலைச் சீவி வைக்கிறாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் போட்டுப் போன சட்டையோடு மாலையில் வாசல் ஏறி வரட்டும். எங்கேயாவது மாட்டிக் கிழிந்து வந்தாலும், எப்படிக் கிழிந்தது என்று அவர்கள் சொல்லும்போது அதை அப்படியே நம்புகிற ஒரு ஆள் உங்கள் வீட்டுக்கு வெளியிலும் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள், எல்லாரும் நன்றாக இருங்கள்.